வெளிச்சம் வந்த பக்கம்

இல்லாத ஒருவரைப் புகைப்படத்தில் சேர்க்க முதலில் வேண்டியது அவருடைய முகம் அல்ல, இடம். எல்லோரும் முகத்தைத்தான் கொண்டுவருவார்கள். அடையாள அட்டையிலிருந்து, உடைந்த அலைபேசியிலிருந்து, யாருடைய பிறந்தநாள் படத்தின் ஓரத்திலிருந்தோ வெட்டி எடுத்து வந்து, "இவரை இங்க நிக்க வைக்கணும்" என்பார்கள். நான் முகத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குழுப்படத்தைப் பார்ப்பேன். தோளோடு தோள் உரச நிற்பவர்களுக்கு நடுவில் ஒருவரைச் செருகினால், அவர் நிற்பதுபோல இருக்காது, ஒட்டவைத்ததுபோலத்தான் இருக்கும். ஒரு ஆள் நிற்க ஒரு ஆளுக்கான காற்று வேண்டும். அது இல்லாவிட்டால் மற்றவர்களைத் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொருவரையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பின்னாலிருக்கும் சுவரை நாமே வரைய வேண்டியிருக்கும்.

என் நாத்தனாரின் கல்யாணப் படத்தில் அந்த இடம் ஏற்கெனவே இருந்தது.

படத்தை எடுத்தவர் எங்கள் ஸ்டுடியோ முதலாளி. அவர் எடுப்பார், நான் கணினியில் திருத்துவேன். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், பின்னால் போன அந்நியர், எல்லாம் என் கையில் மறையும். ஸ்டுடியோவில் என்னைப் 'பரு டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்தன்று மண்டபத்துப் பெரிய ஜன்னலருகே எங்களை நிறுத்தி, "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, ஒட்டி நில்லுங்க" என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. எல்லோரும் ஒட்டி நின்றிருந்தார்கள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் மட்டும் என் பக்கத்தில் ஒரு ஆள் அகலம் விட்டு நின்றிருந்தேன்.

என் கணவர் அதற்கு முந்தைய வருடம் இறந்துபோனார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். காலையில் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். "நீ ரொம்ப தைரியசாலி" என்றார்கள். தைரியம் ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் உதடு நம்முடையதுபோலவே இருக்காது அல்லவா, கடித்துக்கொண்டாலும் தெரியாது, அப்படி. நான் பேசுவது எனக்கே பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

நாத்தனார் என் கணவருக்குத் தங்கை. கல்யாணம் ஆகும்வரை எங்களோடுதான் இருந்தாள். இப்போது இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு வந்து, சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்து வைத்தாள்.

"இங்க பாருங்க அண்ணி. அண்ணனுக்கு இடம் விட்டுத்தான் நின்னிருக்கீங்க."

"தெரியாம நின்னிருப்பேன்."

"தெரிஞ்சோ தெரியாமலோ, இடம் காலியா இருக்கு. ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்க. ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் பண்றீங்க."

மாப்பிள்ளை மெல்லச் சொன்னார்: "அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல. வேற யாரையாவது வெச்சு..."

"நீங்க சும்மா இருங்க. பந்தல்காரன் இன்னும் பந்தலையே பிரிக்கல, அதுக்குள்ள எங்க வீட்டு விஷயத்துல கருத்து."

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. எதையும் இரண்டாம் முறை சொல்லமாட்டார்.

தரையில் என் மகள் குட்டி படம் வரைந்துகொண்டிருந்தாள். ஐந்து வயது. வீடு, மரம், வீட்டைவிடப் பெரிய நான். பக்கத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, பென்சிலைக் கடித்தபடி கேட்டாள்: "அம்மா, அப்பாவுக்கு மீசை இருந்துச்சா?"

அவருக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து மீசை உண்டு. அதைப் பிடித்து இழுப்பதுதான் குட்டிக்குத் தூங்கப்போகும் முன் வேலை.

"இருந்துச்சு" என்றேன். அவள் வட்டத்துக்குள் இரண்டு கோடு போட்டாள்.

பாத்திரம் கழுவும்போது நாத்தனார் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு அடியில் சொன்னாள்: "மீசையே போயிடுச்சு அண்ணி. இன்னும் கொஞ்ச நாள்ல மூஞ்சியும் போயிடும். சுவத்துல நாம எதை மாட்டறோமோ அதான் அவளுக்கு அப்பா."

அது உண்மை என்று என் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். ஒரு வாடிக்கையாளருக்கு அவருடைய அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றிக் கொடுத்தேன். புடவை என்ன நிறம் என்று அவருக்குத் தெரியவில்லை. சாம்பல் அளவை வைத்து நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே சாம்பல் பச்சையாகவும் இருக்கலாம், சிவப்பாகவும் இருக்கலாம். நீலம் போட்டேன். பிறகு ஒருநாள் ஃப்ரேம் மாற்ற வந்தவர் கவுண்டரில் சொல்லிக்கொண்டிருந்தார், "அம்மாவுக்கு நீலம்னா உயிர்." பொய் சொல்லவில்லை அவர். நிஜமாகவே அப்படித்தான் நினைவிருந்தது அவருக்கு. படம் ஞாபகத்தின் பக்கத்தில் உட்காராது, அதன் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே குட்டிக்கு எந்த முகம் மிஞ்சப்போகிறது என்பது என் மேசைக்கு வந்தது.

"நான் பண்ணித் தர்றேன், நீ விடு" என்றார் முதலாளி.

"பரவாயில்ல சார். எனக்குத்தான் அவர் அளவு தெரியும்."

கவுண்டர் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். ரசீது போடுவது, வாடிக்கையாளரைச் சமாளிப்பது, முதலாளியைத் திட்டுவது என்று மூன்று வேலையும் அவளுடையது. "தையக்காரி மாதிரி பேசறா பாரு" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை.

அவருடைய படங்களை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிப் பார்த்தேன். தற்படங்கள் நிறைய இருந்தன. அவை உதவாது. கையெட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு கேமராவுக்குப் பக்கத்திலும் காது தூரத்திலும் இருக்கும், அதனால் மூக்கு பெரிதாகி, காது சின்னதாகிவிடும். தள்ளி நின்று எடுத்த குழுப்படத்தில் அந்த முகத்தை வைத்தால், அவர் மட்டும் நம்மை எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். மற்ற படங்களில் கண்ணை மூடியிருந்தார், அல்லது குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உருப்படியாக ஒன்றே ஒன்று. என்னை அழைத்துப்போக ஸ்டுடியோவுக்கு வந்த ஒரு மாலையில், புது லென்ஸைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, "அப்படியே நில்லுங்க" என்று எடுத்தது. தலை முதல் கால்வரை, நேராக, கூர்மையாக. வாயின் ஒரு ஓரம் மட்டும் ஏறியிருந்த சிரிப்பு.

ஒரே குறை வெளிச்சம். கல்யாண மண்டபத்து ஜன்னல் படத்துக்கு வலப்பக்கம். ஆகவே எல்லோருக்கும் வலப்பக்கக் கன்னம் பளிச்சென்று இருந்தது, மூக்கின் நிழல் இடப்பக்கம் விழுந்தது. ஸ்டுடியோ ஜன்னல் இடப்பக்கம். அவருக்கு நேர்மாறு. பார்ப்பவர்கள் மூக்கு நிழலை எண்ணிப் பார்ப்பதில்லை, ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். என்னவோ சரியில்லை என்பார்கள், எதுவென்று சொல்லமாட்டார்கள். அப்படி ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தவிப்பதைப் பார்க்கையில், கண் எவ்வளவு கெட்டிக்காரத்தனமான கருவி என்று எனக்கு எப்போதும் வியப்பு வரும். அது தன் கணக்கை நம்மிடம் காட்டுவதே இல்லை.

இதற்குத் தொழிலில் எல்லோரும் செய்யும் வழி, ஆளை இடவலமாகத் திருப்பிப் போடுவது. ஒரு பொத்தான். வெளிச்சம் தானாக மறுபக்கம் வந்துவிடும். திருப்பியபின் கூடவே திரும்பிப்போனவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். சட்டைப்பை வலமார்புக்குப் போயிருக்கும், அதை இடமார்புக்குக் கொண்டுவந்தேன். பொத்தான் பட்டையில் எந்தப் பக்கம் மேலே வருவது என்பது மாறியிருக்கும், மாற்றினேன். கைக்கடிகாரத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குக் கட்டினேன். அவருக்கு ஒட்ட வெட்டிய முடி, வகிடு கிடையாது, அது ஒரு வேலை மிச்சம்.

பிறகு விளிம்பு. கத்தரித்ததுபோலக் கூராக இருக்கக்கூடாது, நிஜத்தில் எந்தத் தோளும் அவ்வளவு கூர் இல்லை. பிறகு படத்தின் மணல். எந்தப் புகைப்படத்தையும் பெரிதாக்கினால் பொடிமணல்போலப் புள்ளிகள் தெரியும், இரண்டு கேமராவுக்கு இரண்டு விதமான மணல். ஒன்றை மற்றொன்றுக்குப் பொருத்த வேண்டும். கடைசியாகக் காலடி நிழல். நிழல் இல்லாதவர் தரையில் நிற்கமாட்டார், மிதப்பார்.

இதெல்லாம் பெரிதாக்கி வைத்துச் செய்யும் வேலை. அவருடைய ஒரு கண் கைக்குட்டை அளவுக்குத் திரையில் இருந்தது. அதன் வெள்ளையைக் கொஞ்சம் மங்கலாக்கினேன். அந்த அளவில் முகம் என்று எதுவும் கிடையாது. சதுரங்கள், ஒன்றிலிருந்து ஒன்று சற்றே வேறான பழுப்புகள்.

கவுண்டர் அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். "உனக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"மணல் மட்டும் ஒத்துவரமாட்டேங்குது அக்கா."

தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

அச்சாகி வந்த படத்தை மாப்பிள்ளை எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். என் பக்கத்தில், அந்த ஒரு ஆள் அகலத்தில், அவர் நின்றிருந்தார். ஜன்னல் வெளிச்சம் எல்லோர் மேலும் விழுந்ததுபோலவே அவர் மேலும் விழுந்தது.

"சூப்பர் அண்ணி" என்றாள் நாத்தனார். குட்டி நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, மூக்கு கண்ணாடியில் படும்படி பார்த்தாள். "மீசை இருக்கு" என்றாள். மறுநாளிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் "அப்பா, போயிட்டு வர்றேன்" என்று படத்திடம் சொல்லிவிட்டுப் போனாள். மாலையில் வந்ததும் யார் யாரை அடித்தார்கள் என்று சொன்னாள். நினைத்தது நடந்துவிட்டது. முகம் நின்றுவிட்டது.

நாத்தனார்தான் நிலைகொள்ளாமல் இருந்தாள். வேலை முடிந்து குட்டியைப் பார்க்க வருபவள் முதலில் படத்தின் முன்னால் நிற்பாள்.

"மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கினீங்களா?"

"இல்லையே."

இன்னொரு நாள்: "கன்னத்தைக் குறைச்சிருக்கீங்க."

"தொடவே இல்ல."

அப்புறம் ஒருநாள் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க அண்ணி. வேலை அருமையா இருக்கு. ஆனா இது அண்ணன் இல்ல. அண்ணனோட சித்தப்பா மகன் மாதிரி இருக்கு."

"உங்களுக்குச் சித்தப்பாவே கிடையாதே."

"அதைத்தான் சொல்றேன்."

நான் படத்தைப் பார்த்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன், தள்ளிப் போய்ப் பார்த்தேன். அவர்தான். எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் இவள் சின்ன வயதிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள். மீன் துண்டுக்குச் சண்டை போட்டவள். இவளுக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை என்றால், நான் இத்தனை வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மறுநாள் ஸ்டுடியோவில் முதலாளி எடுத்த மூலப்படத்தையும் நான் செய்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். அப்போது தெரிந்தது. எந்த முகமும் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. அவருக்கு இடது வாயோரம்தான் ஏறும். இடது கண் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். வலது காது துருத்திக்கொண்டிருக்கும். சட்டைப்பையைக்கூட மறக்காமல் திருப்பி வைத்த நான், சிரிப்பைத் திருப்பி வைக்கவில்லை. படத்தில் இருந்தவருக்கு வலது வாயோரம் ஏறியிருந்தது.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "ஃப்ளிப் பண்ணியா? எல்லாரும் பண்றதுதானே. இத்தனை வருஷத்துல ஒரு கஸ்டமரும் கண்டுபிடிச்சதில்ல."

"கண்டுபிடிச்சிருப்பாங்க சார். என்னன்னு சொல்லத் தெரிஞ்சிருக்காது."

அவர் தாடையைச் சொறிந்தார். பழைய வாடிக்கையாளர்கள் வரிசையாக மனதில் வந்துபோயிருப்பார்கள். "சரி, இப்ப என்ன பண்ணப்போற?"

திருப்பாமல் வைத்தால் முகம் சரி, வெளிச்சம் தப்பு. ஆகவே வெளிச்சத்தைக் கையால் போட வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. படத்தின் மேல் சாம்பல் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தாளை விரித்துக்கொண்டு, அதில் வெள்ளைப் பிரஷ்ஷால் தடவினால் கீழே இருக்கும் இடம் வெளுக்கும், கறுப்பால் தடவினால் கறுக்கும். ஒரு தடவலில் ஒன்றுமே தெரியாத அளவு மெல்லிய பிரஷ். பல தடவை போக வேண்டும். சொல்ல எளிது. ஆனால் எங்கே வெளுக்க வேண்டும் என்று கணினிக்குத் தெரியாது. முகம் ஒரு நிலப்பரப்பு. நெற்றி சமவெளி, புருவத்தில் மேடு, கண்ணுக்குப் பள்ளம், கன்ன எலும்பு ஒரு குன்று, அதற்குக் கீழே சரிவு. சூரியன் வேறு திசையில் உதித்தால் எந்தக் குன்றின் எந்தச் சரிவு முதலில் ஒளி பெறும் என்று அந்த நிலத்தில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வந்துகொண்டே இருந்த பாஸ்போர்ட் படங்களுக்கு நடுவே, பிற்பகல்களில் அந்த வேலையைச் செய்தேன். முதல் தடவை அவரை விளிம்பாகவும் மணலாகவும் பார்த்தேன். இந்தத் தடவை மேடு பள்ளமாக. கீழுதட்டுக்கு அடியில் ஒரு சின்னக் குழி இருப்பது தெரிந்தது. வலது புருவ முடி நுனியில் மேல்நோக்கி வளைவது தெரிந்தது. கூடவே வாழ்ந்தபோது கவனித்ததில்லை. கவனித்தபோது எதுவும் பொங்கி வரவும் இல்லை. அழுவேன் என்று எதிர்பார்த்து கவுண்டர் அக்கா டிஷ்யூ டப்பாவை என் மேசைக்கு நகர்த்தி வைத்திருந்தாள். திரையைத் துடைக்க உதவியது.

ஒரே ஒரு இடத்தில் முடியவில்லை. கண்மணியில். ஜன்னலுக்கு எதிரே நிற்பவரின் கண்ணுக்குள் அந்த ஜன்னல் சின்ன வெள்ளைக் கட்டமாகத் தெரியும். அந்தப் புள்ளி இருப்பதால்தான் படத்திலிருப்பவர் நம்மைப் பார்ப்பதுபோல இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நன்றாகத் திறந்திருக்கும் கண்ணும் வெறித்துவிடும். அவர் கண்ணில் அது இடப்பக்கம் இருந்தது. அழித்துவிட்டு வலப்பக்கம் புதிதாக ஒன்று வைத்தேன். பார்வை எங்கேயோ போய்விட்டது. பழையதைத் திரும்பக் கொண்டுவந்தேன். வந்துவிட்டார்.

அச்சுக்கு அனுப்பும் முன் முதலாளி பார்த்தார். அவர் கண்ணுக்குத் தப்பாது.

"கண்ணுக்குள்ள ஜன்னல் தப்பான பக்கம் இருக்கு."

"தெரியும் சார்."

"தெரிஞ்சே விடறியா?"

"அவர் நின்ன இடத்துல ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்துச்சு."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "அனுப்பு" என்றார்.

புதுப் படத்தை மாட்டிய அன்று, நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு உள்ளே வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டினாள். "இவன்தான். திருட்டுப்பய. என் மீனைத் தின்னுட்டு இப்படித்தான் சிரிப்பான்" என்றாள். மாப்பிள்ளை கழற்றிய பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், அவள் பக்கத்திலேயே நின்றார்.

குட்டி பள்ளிப் பையோடு வந்தாள். நாற்காலியில் ஏறினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு?"

"அப்பாதான்டா" என்றேன்.

"இல்ல." திரும்பி மாப்பிள்ளை கையிலிருந்ததைக் காட்டினாள். "அப்பா அது."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "இல்லடா குட்டி. அது தப்பா அடிச்சது. இதான் நிஜ அப்பா. அத்தை சொல்றேன்ல."

"நான் அதுகிட்டதானே தினமும் சொல்லிட்டுப் போறேன். இதுக்கு ஒண்ணுமே தெரியாது."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். என் கையால் நான் செய்தது அது. ஒரு பொத்தானை அழுத்தி, அவர் அல்லாத ஒருவரைக் குட்டியின் மனதில் உட்காரவைத்துவிட்டேன், அவளும் பள்ளிக்கூடத்துச் சண்டையை எல்லாம் அந்த ஆளிடம் ஒப்பித்து முடித்துவிட்டாள். இப்போது நிஜமானவர் வந்து நிற்கிறார். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ரெண்டையுமே மாட்டிடலாமே" என்றார் மாப்பிள்ளை.

"ரெண்டு அப்பாவையா? ஆணி நிறைய வாங்கி வெச்சிருக்கீங்கன்னு இப்படியா?"

மாப்பிள்ளை வழக்கம்போல இரண்டாம் முறை சொல்லவில்லை. குட்டியின் கீழுதடு பிதுங்க ஆரம்பித்தது.

எனக்குக் கட்டிப்பிடித்துச் சமாதானம் சொல்ல வராமல் போய் நெடுநாள் ஆகியிருந்தது. ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று சொல்ல மட்டும் வரும். அதைச் செய்தேன். சுவரிலிருந்து புதுப் படத்தைக் கழற்றி ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையில் அவளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். முகம் கழுவும் தொட்டிக்கு முன்னால் அவளுடைய முக்காலியைப் போட்டு ஏற்றினேன். விளக்கைப் போட்டேன். கண்ணாடியில் இருவரும் தெரிந்தோம்.

"உன் சட்டையில என்ன போட்டிருக்கு?"

குனிந்து பார்த்தாள். "ஏழு."

"கண்ணாடியில பாரு."

பார்த்தாள். "திரும்பி நிக்குது."

"சட்டையில தப்பா ஆயிடுச்சா?"

மறுபடி குனிந்து பார்த்தாள். "இல்ல. சட்டையில சரியாத்தான் இருக்கு."

"கண்ணாடி எல்லாத்தையும் அப்படித்தான் காட்டும். இந்தப் பக்கத்தை அந்தப் பக்கமா. ஏழு ஒண்ணுதான். இப்ப இதைப் பாரு."

படத்தைக் கண்ணாடியைப் பார்க்கும்படி, என் முகத்துக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தேன். படத்தின் முதுகுதான் எங்களுக்கு. முகம் கண்ணாடிக்குள்.

குட்டி தொட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். கண் ஒவ்வொன்றாகத் தேடுவது தெரிந்தது.

"அப்பா" என்றாள். பிறகு, "பாக்கெட் மட்டும் அந்தப் பக்கம் போயிடுச்சு. நீயும் மாறி நிக்கற."

"ஆமா. பாக்கெட்டை அம்மா முன்னாடி தப்பாத் தெச்சுட்டேன். அப்பா அதே அப்பாதான். நீ சொன்னது எல்லாம் இவருக்குத் தெரியும்."

அவள் யோசித்தாள். நான் நிமிர்ந்தேன். அப்போதுதான் என் கண்ணும் அங்கே போனது.

கண்ணாடிக்குள் என் தோளுக்குப் பக்கத்தில் அவர் முகம், வலது வாயோரம் ஏறிய சிரிப்போடு. அந்த முகத்தை எனக்குத் தெரியும். இந்த வீட்டில் ஒரே ஒரு கண்ணாடிதான். காலையில் இருவருக்கும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். அவர் சவரம் செய்வார், நான் தலை வாருவேன், இடித்துக்கொண்டு நிற்போம். ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. பேச்சு எல்லாம் கண்ணாடியைப் பார்த்துத்தான். கேஸ் தீர்ந்துபோச்சு, சாயங்காலம் லேட்டாகும், உங்க தங்கைக்கு ஒரு வரன் வந்திருக்கு, நேத்து சொன்னதை மனசுல வெச்சுக்காதே. எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி அந்தக் கண்ணாடிக்குள் நடந்தது. கடைசி நாளும் வாயில் பற்பசை நுரையோடு அதற்குள்ளிருந்துதான் என்னைப் பார்த்து, "மோட்டார் போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்று தலையாட்டினேன்.

தங்கைக்கு எதிரே உட்கார்ந்த முகம் ஒன்று. எனக்குப் பக்கத்தில் நின்ற முகம் இன்னொன்று. திருப்பிப் போட்ட படத்தில் எனக்கு ஏன் எந்தக் குறையும் தெரியவில்லை என்று அந்த இடத்தில் புரிந்தது. தொழில்முறையில் மிகத் தெளிவாகப் புரிந்தது. ஆனால் உள்ளே இழுத்த மூச்சு பாதியில் நின்றுகொண்டது.

"அங்க என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" கூடத்திலிருந்து நாத்தனார்.

"அப்பா கண்ணாடி பாத்துட்டு இருக்காரு அத்தை" என்றாள் குட்டி.

நாத்தனாரின் குரல் வந்தது: "பாத்து முடிச்சதும் வரச் சொல்லு. இங்க ஒருத்தர் சுத்தியலோட நின்னுட்டு இருக்காரு."

குட்டி தன் ஈரக் கையால் கண்ணாடியைத் தொட்டாள். என் தோள் வலிக்க ஆரம்பித்திருந்தது, படம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கும்மா" என்றாள்.

தூக்கினேன்.